பெர்மிட் காணியும் பேர்ச் கணக்கும்

வன்னியில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் பேச்சு சிறிது நேரத்தில் காணிக்கு வந்துவிடும். எல்லைக் கல், வாய்க்கால் ஒதுக்கு, வனத் திணைக்களம் நட்ட கல், வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவின் பங்கு, பெர்மிட்டில் (அரச காணிக்குக் கொடுக்கும் அனுமதிப்பத்திரம்) பெயர் மாற்றம் என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். இவ்வளவு பேசுகிற ஊரில், அந்தக் காணியின் வரைபடத்தை வாசித்து, எந்தச் சட்டத்தின் கீழ் அது நிற்கிறது என்று சொல்லி, இன்ன விலை பெறும், அதற்கு இதுதான் கணக்கு என்று எழுதித் தரக்கூடியவரைத் தேடினால் பெரும்பாலும் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோதான் போக வேண்டியிருக்கிறது. நான் பல்கலைக்கழகத்தில் படித்தது இந்த வேலையைத்தான். நம்முடைய பிள்ளைகள் இன்னும் பலர் இதைப் படிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆதன முகாமைத்துவமும் விலைமதிப்பீடும் என்ற சிறப்புப் பட்டம், ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ, வர்த்தக பீடத்தில் இருக்கிறது. நாலு வருடப் படிப்பு, ஆங்கில மொழிமூலம். கொழும்பிலிருந்து 138 பஸ்ஸில் ஏறி ஹைலெவல் வீதியால் வந்து விஜேராம சந்தியில் இறங்கினால் வளாகம் பக்கத்தில்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய நான்கும் பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களாகக் கணிக்கப்படுவதால், மாவட்ட ஒதுக்கீட்டுக்கு மேலாக நாடு முழுவதற்குமான 5 வீத ஒதுக்கீட்டிலும் நமக்குப் பங்கு உண்டு. இருந்தும் விண்ணப்பக் கையேட்டில் இந்தப் பாடநெறியை நம்மவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கணக்கியல், வணிக நிருவாகம், வங்கி வேலை என்று கண் நேராக அங்கே போகிறது.

அனுமதிக் கடிதம் வந்தபோது பெரியப்பா கேட்டார்: "காணித் தரகர் வேலைக்கு நாலு வருடம் படிக்க வேண்டுமா பிள்ளை?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. போர் முடிந்த பிறகு ஏ9 வீதியோரம் அவர் கண்டதெல்லாம் "காணி விற்பனைக்கு" என்ற பலகையும் அதன் கீழே ஒரு தொலைபேசி இலக்கமும்தான். ஆனால் அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கும் அறிவு பெரியது. முதலாம் வருடத்தில் பொருளியலும் கணக்கும், பிறகு காணிச் சட்டம், கட்டட நிர்மாணம், நகரத் திட்டமிடல், நில அளவையின் அடிப்படை, வரி, இழப்பீடு, முதலீட்டுப் பகுப்பாய்வு, இவை எல்லாவற்றின் நடுவிலும் விலைமதிப்பீடு. சட்டம் படிக்கும் மாணவனுக்குச் சுவரின் வெடிப்பைப் பார்த்து அத்திவாரத்தைப் பற்றிச் சொல்லத் தெரிய வேண்டியதில்லை. பொறியியல் மாணவனுக்குக் காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்கு இரண்டும் வேண்டும்.

விலைமதிப்பீட்டில் அடிப்படையாகச் சொல்லித் தருவது ஐந்து முறைகள். பக்கத்தில் விற்ற காணிகளோடு ஒப்பிடுவது ஒன்று. அந்த ஆதனம் தரும் வருமானத்தை மூலதனமாக மாற்றிப் பார்ப்பது இன்னொன்று. கட்டி முடித்தால் என்ன பெறும் என்று பார்த்து அதிலிருந்து செலவைக் கழிப்பது, தொழிலின் இலாபத்திலிருந்து கணிப்பது, பாடசாலை, வைத்தியசாலை போலச் சந்தைக்கு வராத கட்டடங்களுக்குத் திரும்பக் கட்டுவதற்கான செலவிலிருந்து தேய்மானத்தைக் கழிப்பது என்று மற்றவை. கேட்க எளிது. ஆனால் முதல் முறையையே எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தபோது எவ்வளவு கடினம் என்பது விளங்கியது.

நுகேகொடையில் களப் பயிற்சிக்குப் போனால், ஒரே ஒழுங்கைக்குள் அண்மையில் கைமாறிய சில வீடுகளாவது இருக்கும். பத்தடி ஒழுங்கையா இருபதடி ஒழுங்கையா, முகப்பு எத்தனை அடி, மழைக்கு வெள்ளம் நிற்குமா என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழித்து ஒரு பேர்ச்சின் விலைக்கு வந்துவிடலாம். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் ஒழுங்குவிதிகளில் வீட்டுத் துண்டு ஒன்றின் பொதுவான குறைந்த அளவு 150 சதுர மீற்றர், ஏறக்குறைய 6 பேர்ச். எங்கள் பக்கம் 16 பரப்பு, அதாவது 160 பேர்ச், ஓர் ஏக்கர். கொழும்புக்காரர் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் உழைப்பைப் போட்டு வாங்கும் அளவு எங்கள் வீட்டில் மாட்டுக் கொட்டிலுக்கும் வைக்கோல் போருக்கும் போய்விடும். அளவுதான் பெரிது, ஆதாரம் இல்லை. உறுதிகளில் உள்ள விலையை நம்ப முடியாது. முத்திரைத் தீர்வை முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் என்பதால் விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் நாடு முழுவதும் இருக்கிறது. வன்னியில் அதற்கும் மேலே ஒரு சிக்கல்: கைமாறுகிற காணிகளில் பெரும் பங்குக்கு உறுதியே கிடையாது. அவை பெர்மிட் காணிகள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணியை விவசாயிக்கு அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்தார்கள். நிபந்தனைகளை நிறைவேற்றினால் பிறகு அளிப்புப் பத்திரம் கிடைக்கும். அனுமதிப்பத்திரக் காணியைச் சட்டப்படி விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் உள்ள காணியை விற்கவும் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். குறித்த அளவுக்குக் கீழே துண்டாட முடியாது. இரணைமடுக் குளத்தின் கீழே வட்டக்கச்சி, இராமநாதபுரம், முரசுமோட்டை, ஊரியான், உருத்திரபுரம் என்று வயல் திறந்த குடும்பங்கள் பலவற்றின் கையில் இருந்ததும் இருப்பதும் இந்தத் தாள்தான். 1970களில் விசுவமட்டிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டத்தில் வந்து மிளகாயும் வெங்காயமும் போட்டு, இறக்குமதித் தடைக் காலத்தில் நல்ல விலை கண்டவர்களும் இப்படித்தான் வந்தார்கள். 1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களில் பலருக்கு இந்தத் தாள்கூடக் கிடைக்கவில்லை. மூன்று தலைமுறையாக அவர்கள் உழுத மண், சட்டத்தின் பார்வையில் அத்துமீறிப் பிடித்த அரச காணி. கிளிநொச்சியைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் இன்றைக்கும் இதுதான் நிலைமை. இதைவிடப் பெரிய அநியாயம் நம் மாவட்டத்தில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டுப் பெர்மிட்டை நான் ஒழுங்காக வாசித்தது மூன்றாம் வருட விடுமுறையில். அதுவரை அது பெட்டிக்குள் இருக்கும் ஒரு பொருள். நாலாக மடித்த தாள், மடிப்புகளில் கிழிந்து பின்பக்கம் ஒட்டுநாடா போட்டிருந்தது. 2008 இல் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது அம்மம்மா அதைப் பால்மா உறைக்குள் வைத்து, உறையைச் சொப்பிங் பைக்குள் சுற்றி, இடுப்பில் கட்டிக்கொண்டார். தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று ஒவ்வொரு இடத்திலும் பாத்திரங்களும் துணிமணிகளும் குறைந்துகொண்டே வந்தன. அந்தப் பை மட்டும் மெனிக் பாம் அகதி முகாம் வரை வந்து சேர்ந்தது. தாளில் பரப்பளவு 3 ஏக்கர், 0 றூட், 12 பேர்ச். வடக்கில் வாய்க்கால் ஒதுக்கு, தெற்கில் வீதி, மற்ற இரு பக்கமும் துண்டு இலக்கங்கள். கீழே மங்கிய இறப்பர் முத்திரை. பின்னுரித்தாளர், அதாவது பெர்மிட்காரருக்குப் பின் காணி யாருக்கு, என்ற இடம் வெறுமையாக இருந்தது.

அந்த வெறுமையான இடம் எவ்வளவு பாரமானது என்பதை நான் வகுப்பில்தான் படித்தேன். அம்மப்பா யாரையும் நியமிக்காமல் இறந்ததால் மனைவிக்கு அனுபவிக்கும் உரித்து மட்டும், விற்கவோ நியமிக்கவோ முடியாது. அவருக்குப் பின் யார் என்பதைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொல்லும். அப்போதிருந்த அட்டவணையில் மகன்மார் முதலில், மகள்மார் பிறகு. என் அம்மா மூத்தவர்; வயலில் நின்றவரும் அவரே. பெயர் போனது தம்பியாருக்கு. மாமா நல்ல மனிதர், அக்காவை வயலை விட்டு எழுப்புகிற எண்ணம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் அவருடைய நல்ல மனதை நம்பித்தான் அம்மாவின் விதைப்பு நடக்கிறது என்பது எனக்கு நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. 2022 இல் வந்த திருத்தத்தோடு ஆண், பெண் வேறுபாடு நீங்கி மூத்த பிள்ளை என்ற நிலை வந்திருக்கிறது. 87 வருடங்கள் எடுத்திருக்கின்றன. வாசிக்கிறவர்கள் வீட்டில் பெர்மிட் இருந்தால், இன்றைக்கே எடுத்துப் பின்னுரித்தாளர் பதியப்பட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பதியவில்லை என்றால், பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எங்கள் எதிர்வீட்டு அக்காவின் நிலைமை வேறு. பெர்மிட் கணவர் பெயரில் இருக்கிறது. கணவர் 2009 மே மாதத்தோடு இல்லை. எங்கே என்று தெரியாது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தில் மரணச் சான்றிதழ் எடுக்க வழி இருந்தது. "அவர் செத்தார் என்று நான் எப்படிக் கையெழுத்து வைப்பது தங்கச்சி?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2016 இல் அந்தச் சட்டத்தைத் திருத்திக் காணாமற்போனோருக்கான இன்மைச் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். அதை வைத்துக்கொண்டு, காணாமற்போனவரின் ஆதனத்தைத் தற்காலிகமாக நிர்வகிக்க விண்ணப்பிக்கலாம். அதை அக்காவுக்கு வரிவரியாக வாசித்து விளக்கியபோது, தான் விதவை என்று எங்கும் எழுத வேண்டியதில்லை என்பதை இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகுதான் படிவத்தை எடுத்தார். விலைமதிப்பீட்டாளரின் வேலையில் இது சேராது என்று சொல்பவர்கள் இருக்கலாம். உரித்துத் தெளியாத காணிக்கு விலை எழுத முடியாது. ஆகவே இது என் வேலையின் முதல் படிதான்.

இனி வருமான முறைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது இது. வயலுக்குக் குத்தகை இருக்கிறது, அதை மூடைக் கணக்கில் பேசுகிறோம். ஆகவே விற்ற விலை கிடைக்காவிட்டாலும் வருமானம் கிடைக்கும். பேச்சுக்கு ஒரு கணக்கு. 3 ஏக்கர் வயல், காலபோகத்துக்கு ஏக்கருக்கு 8 மூடை குத்தகை, ஆக 24 மூடை. மூடை 7,000 ரூபா என்று வைத்தால் 168,000. சிறுபோகம் அப்படி முழுதாகக் கிடைக்காது. குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் என்று தீர்மானித்துப் பங்கு பிரிப்பார்கள். சராசரியாக ஓர் ஏக்கர் என்று எடுத்தால் 8 மூடை, 56,000. மொத்தம் 224,000, வாய்க்கால் துப்புரவு, வரம்பு, சந்தா என்று 24,000 கழித்தால் வருடத்துக்கு 200,000 ரூபா. முதலீட்டாளர் 5 வீத வருவாயில் திருப்திப்படுவார் என்றால் 20 ஆல் பெருக்க வேண்டும், 40 இலட்சம். 8 வீதம் கேட்பார் என்றால் 12.5 ஆல் பெருக்க வேண்டும், 25 இலட்சம்.

அதே வயல், அதே நெல், அதே தண்ணீர். 15 இலட்சம் எங்கே போனது? அந்த 3 வீதத்துக்குள் போனது. அந்த 3 வீதத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே பெர்மிட் இருக்கிறது. சட்டப்படி விற்க முடியாது, நினைத்த வங்கியில் ஈடு வைக்க முடியாது, அடுத்த சந்ததிக்குப் போகும்போது சிக்கல் வரலாம். வாங்குபவர் இந்தப் பயங்களையெல்லாம் சேர்த்து வருவாய் வீதத்தைக் கூட்டிக் கேட்கிறார். உறுதிக் காணி ஒரு விலை, பெர்மிட் காணி ஒரு விலை என்று ஊரில் எல்லோரும் சொல்வதன் கணக்கு இதுதான். பட்டப்படிப்பில் என்னை உலுக்கிய பாடம் எது என்று கேட்டால் இதையே சொல்வேன். நம் ஊர் ஏழ்மையில் ஒரு பகுதி மண்ணிலும் இல்லை, மழையிலும் இல்லை, தாளில் இருக்கிறது. 1982 இல் ஸ்வர்ணபூமி, 1990களில் ஜயபூமி, 2024 இல் உறுமய என்று வெவ்வேறு பெயரில் பத்திரங்கள் வழங்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மேடையில் பத்திரம் வாங்கும் படங்களை நாமும் பார்க்கிறோம். யாருக்கு எந்த வகைப் பத்திரம் கிடைத்தது, அதில் எந்த நிபந்தனை நீங்கியது, எது நீங்கவில்லை என்பதைத் தாளை வைத்துப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

காணிப் பொருளியல் வகுப்பில் வொன் தூனன் என்ற ஜெர்மானியரைப் படித்தோம். பெரிய பண்ணைக்காரர், தன் பண்ணையின் கணக்கைத் தானே எழுதிவந்தவர். 1826 இல் அவர் வெளியிட்ட நூலில் வெளித்தொடர்பே இல்லாத ஒரு நாட்டைக் கற்பனை செய்கிறார். நடுவில் ஒரு நகரம். பால், மரக்கறி போலக் கெட்டுப்போகும் பொருள் நகரத்துக்கு அருகே விளையும். விறகு அடுத்த வளையத்தில். தானியம் அதற்கு அப்பால். கால்நடை மேய்ச்சல் கடைசியில். கொண்டுபோகும் செலவுதான் நிலத்தின் வாடகையைத் தீர்மானிக்கிறது என்பது அவர் முடிவு. வகுப்பில் மற்றவர்களுக்கு அது கற்பனை நாடு. எனக்கு அது 1990களின் வன்னி. பொருளாதாரத் தடைக்குள், பாதை மூடிய நிலையில், மண்ணெண்ணெயைத் துளித்துளியாக அளந்த காலத்தை அப்பா சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சைக்கிளில் போகக்கூடிய தூரத்துக்குள்தான் மரக்கறிக்கு விலை, அதற்கு அப்பால் அழுகிப் போனது. 2002 இல் ஏ9 திறந்ததும் வீதியோரக் காணிக்கு மதிப்பு வந்தது. 2006 ஆகஸ்டில் மூடியதும் போனது. 2013 செப்டெம்பரில் ரயில் மறுபடியும் கிளிநொச்சிக்கு வந்தபோது நிலையத்தைச் சுற்றியுள்ள காணியை மனிதர் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். பாதை திறப்பதும் மூடுவதும் காணி விலையை எப்படி ஆட்டும் என்பதற்கு உலகில் எந்தப் பாடநூலும் நம் வன்னியைவிடத் தெளிவான உதாரணத்தைத் தர முடியாது. இதை யாராவது முறையாக ஆய்வு செய்து எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்றும் இருக்கிறது.

இழப்பீடு என்ற பாடத்தில்தான் நான் இரவிரவாக விழித்திருந்து படித்தேன். 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்படி அரசு பொதுத் தேவைக்குத் தனியார் காணியை எடுக்கலாம். 2 ஆம் பிரிவு அறிவித்தலில் தொடங்கும். 7 ஆம் பிரிவின் கீழ் உரிமை கோரச் சொல்வார்கள். விசாரணை நடந்து தொகை தீர்மானிக்கப்படும். தொகை போதாது என்றால் மீளாய்வுச் சபைக்குப் போகலாம், அதற்கு மேலே நீதிமன்றம். அங்கே வாதாட வேண்டிய மொழி சந்தைப் பெறுமதி. சந்தைப் பெறுமதி என்றால் விரும்பி விற்பவரும் விரும்பி வாங்குபவரும், நெருக்குதல் எதுவும் இல்லாமல் ஒத்துக்கொள்ளும் விலை.

இதற்கு எங்களுக்குச் சொல்லித் தந்த முக்கியமான வழக்கு 1939 இல் இலண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. விசாகப்பட்டினத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜமீன்தாரின் காணி. அதில் நல்ல குடிநீர் ஊற்று ஒன்று இருந்தது. அந்தத் தண்ணீரை வாங்கக்கூடிய ஒரே ஆள் துறைமுக அதிகாரமே. காணியை எடுப்பதும் அதே அதிகாரம். வேறு வாங்குபவர் இல்லாதபோது அந்த ஊற்றுக்கு விலை உண்டா? உண்டு என்றது நீதிமன்றம். எடுப்பவருக்கு மட்டுமே பயன்படுகிற ஆற்றலும் காணியின் ஆற்றலே, அதற்கும் விலை சேர வேண்டும். கோடையில் நல்ல தண்ணீர் உள்ள ஒரு கிணற்றை நம்பி ஒரு குறிச்சியே வாழ்கிற ஊரில் பிறந்தவள் நான். அந்தத் தீர்ப்பை வாசித்தபோது, நம்முடைய காணிகளுக்கு இழப்பீடு எழுதப்படும்போது கிணற்றையும் தென்னையையும் தவிர வேறு எதைக் கேட்கத் தெரிந்திருக்கிறோம் என்று யோசித்தேன். வீதி அகலிப்பில் முன்வேலியை இழக்கும் ஒருவர், மிஞ்சிய காணியின் பயன் குறைந்ததற்கும் கேட்கலாம். கேட்பதற்கு அது தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அதே வேளையில் இந்தக் கணக்கு எங்கே நின்றுவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கேப்பாப்புலவு மக்கள் 2017 மார்ச் 1 ஆம் திகதி, தங்கள் காணியில் இருந்த இராணுவ முகாமின் வாசலில் உட்கார்ந்தபோது விலை கேட்கவில்லை. சொந்தக் காணியைக் கேட்டார்கள். நந்திக்கடலை ஒட்டிய அந்த நிலத்தில் இறால் பிடித்து, தென்னை வைத்து வாழ்ந்தவர்களுக்கு, மாதிரிக் கிராமத்தில் கொடுத்த துண்டு ஈடாகவில்லை. அங்கே விரும்பி விற்பவர் என்று யாருமே இல்லை. விற்பவர் இல்லாத இடத்தில் சந்தைப் பெறுமதி என்ற சொல்லுக்கு இடமும் இல்லை. ஒரு மதிப்பீட்டாளர் தன் அறிக்கையில் இதை எழுதக் கூசக்கூடாது என்று நினைக்கிறேன்.

2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான 2430 ஆம் இலக்க வர்த்தமானியை மறந்திருக்க மாட்டீர்கள். 1931 ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணியைப் பட்டியலிட்டு, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகக் கொள்ளப்படும் என்றார்கள். முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் உள்ள காணிகளும் அதில் இருந்தன. எதிர்ப்பு எழுந்தது, ஜூன் 27 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கம் அறிவித்தலைத் திரும்பப் பெற்றது. நல்ல முடிவு. அந்த வாரங்களில் எங்கள் ஊர் நூலகத்தில் கூடியிருந்தவர்களை நினைக்கிறேன். வர்த்தமானியில் இருப்பது கிராமப் படத்தின் துண்டு இலக்கம். அவர்கள் கையில் இருப்பது பாட்டனார் காலத்து உறுதி, அதில் காணியின் பெயரும் எல்லையில் நின்ற பாலை மரமும். இரண்டையும் பொருத்த வேண்டும். இடப்பெயர்வில் உறுதி தொலைந்தவர்கள் பதிவகத்தில் பிரதி தேட வேண்டும். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் பங்காளிகளைக் கேட்க வேண்டும். அரசியல்வாதிகளின் அறிக்கை அவசியமே, வழக்கறிஞர்கள் இல்லாமல் அந்தத் தடை வந்திராது. ஆனால் அந்த மேசையில் படத்தை விரித்து, "ஐயா, இதுதான் உங்களுடைய துண்டு" என்று விரல் வைத்துக் காட்டக்கூடியவர்கள் எத்தனை பேர் இருந்தோம்? மிகவும் கொஞ்சம். அடுத்த தடவை அப்படி இருக்கக்கூடாது.

போர்க் காலத்தில் பிறர் பிடித்து வைத்திருந்த காணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் பத்து வருடம் தடையில்லாமல் எதிருரிமையாக ஆண்டால் 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி காணியைத் தனதாக்கிக் கோரலாம் என்பது பலருக்குத் தெரியும். ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் சொன்னது பலருக்குத் தெரியாது. அது வழக்குப் போடுவதற்குக் குறித்த காலத்தோடு வந்த நிவாரணம். ஊருக்குள் அந்தச் செய்தி நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தால் சிலருக்காவது பயன்பட்டிருக்கும்.

வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: கிடைக்கும். அரச விலைமதிப்பீட்டுத் திணைக்களம், வங்கிகளின் கடன் பிரிவு, நகர அபிவிருத்தி அதிகாரசபை, காப்புறுதி நிறுவனங்கள், கட்டட நிறுவனங்கள் என்று வழிகள் உண்டு. 1975 இல் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கை விலைமதிப்பாளர் நிறுவகத்தில் அங்கத்துவம் பெற்றுத் தனியாகவும் தொழில் செய்யலாம். பிரதேச சபைகள் சோலைவரி விதிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் வருடாந்தப் பெறுமதி வேண்டும். கிளிநொச்சி போல வளர்ந்துகொண்டிருக்கும் ஊருக்கு வீதி விளக்கும் வடிகாலும் அந்த வரியிலிருந்துதான் வர வேண்டும்.

சென்ற கிழமை, உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளை கேட்டாள், பெண் பிள்ளைகள் தனியாகக் காணி பார்க்கப் போகலாமா அக்கா என்று. போகலாம் தங்கச்சி, நான் போகிறேன். அளவு நாடா உன்னுடையதாக இருக்கட்டும். மற்றவர் நாடாவை நம்பி எழுதாதே. காலையில் வெயிலுக்கு முன்னே போ. காட்டோரக் காணி என்றால் கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமா என்று கிராம அலுவலரிடம் கேட்காமல் வேலியைத் தாண்டாதே. எல்லையைப் பற்றிக் காணிக்காரரிடம் கேட்ட பிறகு, பக்கத்துக் காணிக்காரரிடமும் கேள். இரண்டு பேரும் ஒரே கல்லைக் காட்டுகிறார்களா என்று பார். வீட்டில் பெர்மிட் இருக்கிறதா என்று கேட்டபோது, இருக்கிறது, ஆனால் தான் பார்த்ததில்லை என்றாள். முதலில் அதை எடுத்து வாசி, விளங்காத சொல்லைக் குறித்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.